பிள்ளையார் சுழி ஷாட்

செப்டம்பர் 27, சனி

காலாண்டுத் தேர்வு நேற்றோடு முடிந்தது. சமூக அறிவியலில் கடைசிக் கேள்விக்கு அரைப் பக்கம் கேட்டிருந்தார்கள். மூன்று பக்கம் எழுதினேன். நிறுத்த மனம் வரவில்லை.

விடுமுறை முழுவதும் அம்மாவோடு ஆய்வகத்துக்குப் போகப் போகிறேன். அப்பா காலையிலேயே பம்ப் கம்பெனிக்குப் போய்விடுவார். என்னைத் தனியாக விட்டால் சாப்பிடாமல் புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டு கிடப்பேன் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். உண்மைதான். நான் வாதாடவில்லை.

அம்மா பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அதற்கு நடுவே, நான் ஆரம்பப் பள்ளியில் இருந்த காலத்திலிருந்து, பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி.யும் செய்கிறார். அவருக்குத் தேவையான ஷாக் டன்னல் என்ற பெரிய இயந்திரத்துக்கு எப்போதும் ஆள் வரிசை நிற்கும். ஆயுத பூஜை விடுமுறைக்கு எல்லா மாணவர்களும் ஊருக்குப் போய்விடுவதால் இந்த ஒரு வாரம் அது அம்மாவுக்கு.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் பேச்சு கேட்டது.

"இந்த வாரமும் சரியா வர்லீன்னா பி.எச்.டி. பதிவ ரத்து பண்ணிடறேங்க. போதும்."

"நான் ஒண்ணுஞ் சொல்லலையே, தமயந்தி."

"நீங்க சொல்லலை. நாந்தான் சொல்றேன்."

பிறகு மிக்சி ஓடியது. தேங்காய்ச் சட்னிக்கு அவ்வளவு நேரம் அரைக்க வேண்டியதில்லை.

அம்மா நிறுத்திவிட்டால் சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பார். இருவரும் சேர்ந்து நூலகத்துக்குப் போகலாம். இதைச் சும்மா குறித்து வைக்கிறேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆய்வகம் நான் நினைத்த மாதிரி வெள்ளையாக இல்லை. லேத் பட்டறை போல இருக்கிறது, எண்ணெய் வாசனையோடு. நடுவில் இரும்புக் குழாய் ஒன்று படுத்திருக்கிறது. எங்கள் தெருவில் நான்கு வீட்டு நீளம் இருக்கும். ஒரு முனையில் அமுக்கி அடைத்த வாயு. மறுமுனையில் கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டி, அதற்கும் பின்னால் ஒரு ராட்சதத் தொட்டி. பெட்டியிலிருந்தும் தொட்டியிலிருந்தும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். அதற்கே அரை நாள் ஆகிவிடும். குழாயின் நடுவே தடுத்து நிற்கும் உலோகத் தகடு அழுத்தம் தாங்காமல் கிழியும்போது வாயு பாய்ந்து வந்து, மோதினால் அறுந்துவிடும் மெல்லிய நூலில் அம்மா தொங்கவிட்டிருக்கும் பெரியதும் சின்னதுமான இரண்டு உலோகக் குண்டுகள் மேல் மோதும். அவ்வளவுதான். நான் கண் சிமிட்டும் முன்பே முடிந்துவிடுகிறது. அரை நாள் காத்திருந்தது இதற்கா என்று கேட்க நினைத்தேன்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் பெஞ்சமின் மாமா. மாமா என்று கூப்பிடச் சொன்னவர் அவரே.

"காதப் பொத்திக்க கண்ணு, வெடிக்கப் போகுது. பயந்துக்காதே, தீபாவளிய முன்னாடியே கொண்டாடறோம்னு நெனச்சுக்க."

பொத்தினேன். அப்படியும் சத்தம் வயிற்றில் கேட்டது.

இப்படி ஒரு முறை வெடிப்பது ஒரு ஷாட். ஒரு வாரத்தின் முதல் ஷாட்டை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்காவது காற்று கசிகிறதா, ஒரு நொடியை ஆயிரக்கணக்கான படங்களாக எடுக்கும் கேமரா ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான். அதற்குப் பிள்ளையார் சுழி ஷாட் என்று பெயர். பெயர் வைத்தவர் பெஞ்சமின் மாமாவாம். அவர் கழுத்தில் சிலுவை தொங்குகிறது.

மாலையில் அம்மா அந்தக் குண்டுகளைப் பற்றி வீட்டிலேயே விளக்கினார். தோசைக்கல்லைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்த்து வைத்து, குழாயைத் திறந்தார். கல் மேல் தண்ணீர் கண்ணாடித் தாள் போல வேகமாக வழுக்கிக்கொண்டு ஓடியது. அதில் என் சதுரங்கச் சிப்பாய் ஒன்றை விரலால் பிடித்து நிறுத்தினார். சிப்பாயின் முன்னால் தண்ணீர் சட்டென்று மேடாகி, இரண்டு பக்கமும் மீசை போல விரிந்தது.

"தண்ணி ஓடற வேகத்துல, முன்னாடி ஒருத்தன் நிக்கறான்னு அதுக்குத் தெரியறதில்ல. மோதற வரைக்கும் தெரியாது. திடீர்னு வழிவிட்டாகணும். அந்த மேடுதான் அதிர்ச்சி அலை."

பிறகு இன்னொரு சிப்பாயைப் பின்னால், கொஞ்சம் தள்ளி வைத்தார். முன்னவனின் மீசை பின்னவன் மேல் போய் இடித்தது. விரலை எடுத்ததும் பின்னவன் வெளியே தள்ளிக்கொண்டு போய் விழுந்தான். இன்னும் உள்ளே நகர்த்தி வைத்தபோது முன்னவனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான்.

வானத்திலிருந்து எரிகல்லோ பழைய செயற்கைக்கோளோ விழுந்து உடையும்போது இப்படித்தான் நடக்குமாம். பெரிய துண்டின் அலையில் மாட்டும் சின்னத் துண்டு வெளியே வீசப்படுமா, உள்ளே இழுபடுமா? எல்லைக்கோடு எங்கே? கெட்டியான காற்றில் பலரும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ரொம்ப உயரத்தில், காற்று மெலிந்து கிடக்கும் இடத்தில் அந்தக் கோடு எங்கே போகிறது என்பதுதான் அம்மாவின் கேள்வி. அங்கே அலையே தெளிவாக இருக்காதாம். பென்சில் கோட்டை விரலால் தேய்த்துவிட்ட மாதிரி அகலமாக, மங்கலாக இருக்குமாம்.

அப்பா உள்ளே வந்து, "தோசை இன்னைக்குக் கெடைக்குமா, ஆராய்ச்சி மட்டுந்தானா?" என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

காலை ஒரு ஷாட், மாலை ஒரு ஷாட். இரண்டிலும் சின்னக் குண்டு அலைக்கு வெளியேதான் போனது. அம்மாவின் கணக்குப்படி அது உள்ளே போயிருக்க வேண்டும்.

அம்மாவின் வழிகாட்டி வரதராஜுலு சார் வந்து படத்தைப் பார்த்தார். உயரமானவர், குனிந்து பார்க்கும்போது கண்ணாடி நழுவுகிறது. அவருக்கு வருத்தமே இல்லை.

"ஏம்மா, கணக்குத்தான் சரின்னு யாரு சொன்னாங்க? மெல்லிய காத்துல எல்லாமே வெளிய தள்ளுதுன்னு வெச்சுக்குவோம். அது புது விஷயம். பேப்பர் எழுதிரலாம். போன தடவ டன்னல் கெடச்சப்பவும் இப்படித்தானே வந்துச்சு?"

"போன தடவையும் எனக்குச் சந்தேகமாத்தான் சார் இருந்துச்சு."

"சந்தேகப்பட்டுட்டே இருந்தா எப்பத்தான் முடிக்கறது?"

வீடு திரும்பும் வழியில், சிங்காநல்லூர் சிக்னலில், "புது விஷயம்னா நல்லதுதானேம்மா?" என்று கேட்டேன். "நெசமா இருந்தா நல்லது," என்றார். பச்சை விழுந்தும் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றும் வெளியே. அம்மாவுக்குப் பசியில்லையாம். அவருடைய தயிர்சாதத்தையும் நானே சாப்பிட்டேன், வீணாகக் கூடாதே என்று.

அக்டோபர் 1, புதன்

இன்று படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. புத்தகங்களும் பேனாக்களும் பூஜையில் இருக்கின்றன. இதைப் பென்சிலில் எழுதுகிறேன். நாட்குறிப்பு பாடப்புத்தகம் ஆகாது என்பது என் கருத்து.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நேற்று நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் இன்று நடந்தது புரியும்.

ஆயுத பூஜை அன்று ஆய்வகத்தில் எந்த இயந்திரத்தையும் ஓட்ட மாட்டார்கள். அம்மாவின் வாரத்தில் ஒரு நாள் அப்படியே போய்விட்டது. பெஞ்சமின் மாமா குழாயையும் தொட்டியையும் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வாங்கி வைத்திருந்தார். என் கையில் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொடுத்து, "ஒண்ணையும் உடாம பொட்டு வெச்சுரு கண்ணு. அப்புறம் அது கோவிச்சுக்கும்," என்றார்.

அம்மா, "பெஞ்சமின், இதெல்லாம் சர்ச்சுல தெரியுமா?" என்று கேட்டார்.

"கர்த்தருக்குத் தெரியுமுங்க மேடம். மெஷினுக்குத்தான் நான் யாருன்னு தெரியாது."

நான் ஒன்றையும் விடவில்லை. பம்ப், வால்வுகள், கணினி, கேமராவின் முக்காலி, ஸ்பானர் ஒவ்வொன்றும். அம்மாவின் குண்டுகள் ஒரு டப்பாவில் பஞ்சு மேல் இருந்தன. பெரியவற்றுக்குப் பெரிய பொட்டும், மிளகளவு இருந்த சின்னவற்றுக்குத் தீக்குச்சி முனையால் சின்னப் பொட்டும் வைத்தேன். அழகாக இருந்தன.

இன்று காலை அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "கண்ணு! இது கண்ணாடி மாதிரி இருக்கோணும். எல்லாத்தையும் தொடச்சுக் குடு," என்றார். குரல் உயரவில்லை. ஆனால் நான் உடனே பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெஞ்சமின் மாமா இடையில் வந்தார். "மேடம், இன்னைக்கு விஜயதசமி. பூஜை முடிஞ்சு மொத ஷாட். பிள்ளையார் சுழி ஷாட்தானுங்களே, கணக்குல சேராது. பொட்டோடயே போகட்டுமுங்க."

அம்மா டப்பாவிலிருந்த பஞ்சை விலக்கினார். பிறகு, "செரி. எப்படிப் போனாலும் வெளியதானே போகப் போகுது," என்று சொல்லி, பொட்டு வைத்த ஒரு பெரிய குண்டையும் ஒரு சின்னக் குண்டையும் நூலில் கட்டினார்.

வெடித்தது. சின்னக் குண்டு வெளியே போனது.

அம்மா படத்தை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்து, கை கழுவப் போய்விட்டார். அவர்கள் எப்போதும் வாயு வந்து சேரும் இடத்திலிருந்துதான் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் இரண்டு குண்டுகளும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், பார்க்க ஒன்றுமில்லை. எனக்கு எதையும் முதல் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் திருப்தி. முன்னுரையையும் விடாமல் படிப்பவள் நான். அதனால் தொடக்கத்திலிருந்து மெதுவாக ஓட்டினேன்.

வாயு இன்னும் வரவில்லை. திரை வெறுமையாக இருந்தது. ஆனால் சின்னக் குண்டின் பொட்டு நகர்ந்தது. நேராக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போனது. அதற்கப்புறம்தான் வாயு வந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அப்படியே.

"அம்மா, காத்து வர்றதுக்கு முன்னாடியே பொட்டு ஏன் திரும்புது?"

அம்மா ஈரக் கையோடு வந்தார். குனிந்து பார்த்தார். என்னை நகரச் சொல்லாமல், என் நாற்காலியிலேயே பாதியில் உட்கார்ந்துகொண்டார். பொட்டு திரும்பியது. பின்னால் ஓட்டினார், பொட்டு நேரானது. முன்னால் ஓட்டினார்.

"பெஞ்சமின், இங்க வாங்க."

மூவரும் பார்த்தோம். யாரும் தொடாத, காற்றே இல்லாத பெட்டிக்குள் குண்டு தானாகத் திரும்புகிறது.

அம்மா என்னைப் பார்த்து, "ஒலி எதுல வேகமா ஓடும்? காத்துலயா, இரும்புலயா?" என்றார். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். "இரும்புல" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. தகடு கிழிந்ததும் வாயு குழாய்க்குள் ஓடி வருகிறது. ஆனால் கிழிந்த அதிர்ச்சி குழாயின் இரும்பு வழியாக அதைவிட வேகமாக ஓடி வந்துவிடுகிறது. நூல் கட்டியிருப்பதும் அந்த இரும்பில்தான். நூல் சுண்டுகிறது, சின்னக் குண்டு திரும்பிக்கொண்டே வெளிப்பக்கம் லேசாக நகர்கிறது, அதற்குப் பிறகு வாயு வந்து சேர்கிறது. எல்லைக்கோட்டுப் பக்கத்தில் நிற்கிற குண்டுக்கு அந்த லேசான நகர்வு போதும். பளபளக்கும் உருண்டை திரும்பினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

"அப்ப இத்தன நாளா வெளிய தள்ளுனது அலை இல்லீங்களா மேடம்?"

"நம்ம குழாய், பெஞ்சமின். நம்ம குழாயேதான்."

அப்போது அம்மா சிரிக்கத் தொடங்கினார். போன தடவை, அதற்கு முந்தின தடவை, இந்த வாரம் எடுத்தது எல்லாம் குப்பைக்குப் போகிறது. புது விஷயம் இல்லை. பேப்பர் இல்லை. சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும் அளவு சிரித்தார். கல்லூரியில் எடுத்த பழைய புகைப்படத்தில்தான் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை நூலகம் பற்றி எழுதியதை இன்று அடித்துவிட்டேன். பென்சிலால் லேசாக அடித்தேன், அடியில் எழுத்து தெரியும். என் கண்ணாடியில் ஏதோ தூசி. துடைத்துக்கொண்டேன்.

வரதராஜுலு சாருக்கு அம்மா போன் செய்து சொன்னார். "பேப்பர் தலைப்பு வரைக்கும் யோசிச்சு வெச்சிருந்தேனே தமயந்தி," என்றாராம்.

அக்டோபர் 3, வெள்ளி

நூல் கட்டும் சட்டத்தைப் பெட்டியின் இரும்போடு ஒட்டாமல் உட்கார வைக்க வேண்டும். அம்மா நேற்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பம்பெல்லாம் ஆடாம இருக்க அடியில என்ன போடுவீங்க?"

அப்பா சோற்றை மறந்து, கையால் காற்றில் வளையம் வரைந்து ரப்பர் புஷ் பற்றி விளக்க ஆரம்பித்தார். அம்மா தன் வேலையைப் பற்றி அவரிடம் இதுவரை கேள்வி கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

இன்று காலை அப்பா கம்பெனிக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஒரு பை நிறைய ரப்பர் புஷ்களோடு ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் உள்ளே வந்தது இதுதான் முதல் முறை. வாசலில் செருப்பைக் கழற்றினார். "போட்டுக்கிட்டே வாங்க சார், இது கோயில் இல்லீங்க," என்றார் பெஞ்சமின் மாமா. அப்பா நெற்றியில் பொட்டோடு நின்ற கணினியைப் பார்த்துவிட்டு, "சந்தேகமாத்தான் இருக்குது," என்றார்.

முதலில் வைத்த ரப்பர் கெட்டியாக இருந்தது. சட்டத்தைத் தட்டினால் நூல் துடித்தது. இன்னொன்று மெத்தென்று இருந்தது. சட்டம் ஊஞ்சல் ஆடியது.

"இது சோப்ளாங்கியா இருக்குதுங்க."

"நீ சொன்னது அப்படித்தானே? மெத்துனு வேணும்னே."

"மெத்துனு வேணும்னேன். மெத்தையே வேணும்னு சொல்லல."

அப்பா பெட்டியின் அடியில் படுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்தார். வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் கிரீஸ். அம்மா குனிந்து விளக்குப் பிடித்தார். கடைசியில் இரண்டு வகையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது நூல் அசையவில்லை. நான் வெளியே குழாயை மரச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். அது என் பொறுப்பாக இருந்தது.

எல்லாக் குண்டுகளுக்கும் இனி பொட்டு வைக்க வேண்டும் என்றார் அம்மா. சந்தனம் வேண்டாம், கறுப்பு மை. பெஞ்சமின் மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மாலை ஷாட். நான்கு பேரும் காதைப் பொத்திக்கொண்டோம். படத்தை முதல் பக்கத்திலிருந்தே ஓட்டினார் அம்மா. பொட்டு நேராக இருந்தது. நேராகவே இருந்தது. பிறகு வாயு வந்தது. பெரிய குண்டின் முன்னால் மங்கலான புகை வில் ஒன்று எழுந்து விரிந்தது. அதன் ஓரம் சின்னக் குண்டைத் தொட்டது. குண்டு ஒரு கணம் அதன் மேலேயே தயங்கி நின்றது.

உள்ளே போனது.

அம்மா நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டார். அப்பா என்னிடம் தாழ்ந்த குரலில், "இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். நல்லது என்றேன். உடனே பெஞ்சமின் மாமாவிடம் திரும்பி, "உள்ள போயிருச்சுங்க!" என்றார், அவரே தள்ளிவிட்டது போல.

அக்டோபர் 4, சனி

காலையும் மாலையும் ஷாட். காலையில் குண்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். அது உள்ளேயும் போகாமல், வெளியேயும் போகாமல், அலையின் மேலேயே வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போனது. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கெட்டியான காற்றில் எல்லைக்கோடு மெல்லியது, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம்தான். இங்கே அலை அகலமாக இருப்பதால் கோடே அகலமாகி, ஒரு நடைபாதை போல ஆகிவிடுகிறது போலிருக்கிறது. "போலிருக்குன்னு எழுது, இருக்குன்னு எழுதாதே," என்று அம்மா என் தோளுக்கு மேலிருந்து சொன்னார். ஆகவே, போலிருக்கிறது.

மாலை ஷாட்டில் இன்னும் தள்ளிக் கட்டியது வெளியே போனது. இந்த முறை உண்மையாகவே அலை தள்ளியது. அதைப் பார்த்தும் அம்மாவுக்கு மகிழ்ச்சிதான்.

வரதராஜுலு சார் மூன்று படங்களையும் பார்த்தார். கண்ணாடி நழுவியது. "எந்தக் கணக்கிலயும் இந்த நடைபாதையை நான் பாத்ததில்ல," என்றார். அப்புறம், "ஆனா மூணு ஷாட்ட வெச்சு தீசிஸ் எழுத முடியாதும்மா. பழசு அத்தனையும் நீயே தூக்கிப் போட்டுட்ட. பொங்கல் லீவுல டன்னல் சும்மாதான் இருக்கும். என்ன சொல்ற?"

"வீட்ல பேசிட்டுச் சொல்றேன் சார்."

பொங்கலுக்கு நாங்கள் எப்போதும் அப்பாவின் ஊரான காங்கேயத்துக்குப் போவோம். ஒரு வருடமும் தவறியதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பொங்கல் பற்றி அம்மா காலையில் பேசவில்லை. துணி துவைக்கும்போதும் பேசவில்லை. பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடும்போது பேசுவார் என்று பக்கத்திலேயே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கத்தையே பல முறை படித்தேன்.

மதியம் அரிசிம்பருப்பு சாதம். அப்பா நெய்க் கிண்ணத்தை இழுத்தபோது அம்மா சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

"பதிவ ரத்து பண்ணலீங்க. பொங்கலுக்கும் நான் அங்கதான் இருப்பேன்."

அப்பா நெய்யை ஊற்றி, பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டார்.

"காங்கேயம்?"

"நீங்களும் இவளும் போயிட்டு வாங்க. அத்தைகிட்ட நானே பேசறேன்."

"அந்த ரப்பர் அவ்வளவு நாள் தாங்காது. அமுங்கிப்போகும்."

"சரி."

"மாத்தோணும். எது மேல எது வெச்சதுன்னு உங்க பெஞ்சமினுக்குத் தெரியாது."

அம்மா கையில் இருந்த கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பொங்கலன்னைக்கு ஒருநாள் ஊருக்குப் போயிட்டு அன்னைக்கே திரும்பிரலாம்," என்றார் அப்பா, சாதத்தைப் பார்த்தபடி. "அந்தாளு அதுக்குள்ள மாட்டுப் பொங்கல்னு சொல்லி உன் டன்னலுக்குக் கொம்புல பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாரு."

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்பா இடது கையால் அவர் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கறாங்க," என்றார்.

"வரதராஜுலு சாராத்தான் இருக்கும்," என்றார் அம்மா, இருமலுக்கு நடுவே. தண்ணீர் குடித்துவிட்டு, அவருக்குப் போன் செய்ய எழுந்தார். சாதத்தை முடித்துவிட்டுப் போகச் சொன்னார் அப்பா. அம்மா உட்கார்ந்து முடித்தார். இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டார்.